பழைய எஸ்யூவி: கழற்றுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள்

வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பத்து வயது தாண்டிய எஸ்யூவிகளைப் பற்றியவை. பதில்களில் வரும் தொகை கம்பெனி சர்வீஸ் சென்டர் கணக்கு அல்ல. மதுரைப் பக்கம் வெளி ஒர்க்‌ஷாப்பில், நல்ல பிராண்டு பார்ட் போட்டு, கூலியும் சேர்த்து ஆகும் உத்தேசக் கணக்கு. டூப்ளிகேட் பார்ட் போட்டால் இதில் பாதிதான் ஆகும். ஆனால் அதே வேலையை இரண்டு தடவை செய்ய வேண்டியிருக்கும்.

2012 மாடல் ஸ்கார்பியோ, 2.2 எம்ஹாக் எஞ்சின், 1,80,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 3.60 லட்சம் கேட்கிறார்கள். வாங்கினால் ரிப்பேருக்குக் கையில் எவ்வளவு வைத்திருக்க வேண்டும்?
- உசிலம்பட்டி வாசகர்

டயர் நன்றாக இருந்தால் 65,000. டயரும் மாற்ற வேண்டும் என்றால் ஒரு லட்சத்துக்கு மேல். இது எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் ஆகும் செலவு. எஞ்சின் போன வண்டியை இந்த விலைக்கு வாங்கவே வேண்டாம்.

முதலில் ஆர்.சி.யைப் பாருங்கள். 2012-ல் பதிவான சொந்த உபயோக வண்டிக்கு 2027-ல் 15 வருடம் முடிகிறது. அதன் பிறகு படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி, ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். மத்திய அரசு 2022 ஏப்ரலில் இதற்கான கட்டணத்தைக் காருக்கு 5,000 ரூபாயாக உயர்த்தியது. பசுமை வரி தனி. ஆகவே பிரேக், லைட், புகை எல்லாம் அன்றைக்குச் சரியாக இருக்க வேண்டும். இந்தச் செலவைச் சொல்லி இப்போதே விலையில் குறைத்துக் கேளுங்கள்.

வண்டியைப் பார்க்கக் காலையில் போங்கள். போனதும் பானெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்; இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் விதத்தில்தான் பாதி விஷயம் தெரியும். எம்ஹாக்கில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் பிரஷர் ஏறும் வரை ஓரிரு விநாடி சலசலத்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகும் முன்பக்கம் கடகடத்தால் செயினும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் தேய்ந்துவிட்டன. 15,000 முதல் 22,000 வரை ஆகும்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலில் ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்து, அதைத் தலைகீழாக அந்த வாயிலேயே வையுங்கள். மூடி லேசாக ஆடலாம், டர்போ டீசலில் அது சகஜம். மூடியைத் தூக்கி எறிந்து, குபுகுபுவென்று புகை வந்தால் பேக் கம்ப்ரெஷன். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரும் தேய்ந்த எஞ்சின். ஓவர்ஹால் செய்ய 1 லட்சம் முதல் 1.40 லட்சம் வரை ஆகும். அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

அடுத்து, எஞ்சின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் கவரைக் கழற்றச் சொல்லுங்கள். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் உட்காரும் இடத்தைச் சுற்றித் தார் மாதிரி கறுப்பாகப் படிந்திருந்தால், அடியில் இருக்கும் செம்பு வாஷர் கேஸை விடுகிறது. வாஷர் விலை நூறு ரூபாய்க்குள்தான். ஆனால் அந்தக் கரி இறுகிப்போனால் இன்ஜெக்டரை வெளியே எடுப்பதே ஒரு நாள் வேலை. சில சமயம் எடுக்கும்போதே இன்ஜெக்டர் சேதமாகிவிடும்.

ஓட்டிப் பார்க்கும்போது, நாலாவது கியரில் 1,500 ஆர்.பி.எம்.மில் இருந்து ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்.பி.எம். ஏறி, அதே அளவுக்கு வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் செட்டும் கூலியும் 11,000 முதல் 15,000. பிறகு முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். பால் ஜாயின்ட்டோ வீல் பேரிங்கோ தேய்ந்திருந்தால் ஆட்டம் கையில் தெரியும். இந்த வயதில் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, ஷாக் அப்சார்பர் எல்லாம் சேர்ந்தேதான் போயிருக்கும். ஒவ்வொன்றாகப் போட்டால் ஒவ்வொரு தடவையும் அலைன்மென்ட் கூலி தண்டம். மொத்தமாக முன்பக்க வேலை 18,000 முதல் 25,000.

எஞ்சின் ஆயில், கியர் ஆயில், பின் ஆக்ஸில் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில், எல்லா ஃபில்டர்களும் சேர்த்து 12,000 முதல் 15,000. பழைய ஓனர் "போன மாசம்தான் மாத்தினேன்" என்று சத்தியம் செய்தாலும் மாற்றிவிடுங்கள். பிரேக் பேட், ஷூ, டிரம் கடைசல் 6,000 முதல் 8,000. பேட்டரி 8,000 பக்கம். டயரில் தயாரிப்புத் தேதி நான்கு இலக்கமாக இருக்கும்: 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். மேல் பட்டை தேயாமல் இருந்தாலும் ஆறேழு வயதான டயரை நம்பி நான்குவழிச் சாலையில் போகாதீர்கள். நான்கு டயருக்கு 35,000 முதல் 40,000 வைத்துக்கொள்ளுங்கள்.

2007 ஸ்கார்பியோ 2.6 வைத்திருக்கிறேன். சமவெளியில் டெம்பரேச்சர் ஊசி நடுவில் நிற்கிறது. கொடைக்கானல் மலையில் ஏசி போட்டு ஏறினால், காட்ரோடு தாண்டி டம் டம் பாறை வருவதற்குள் சிவப்புக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார். அப்படியும் குறையவில்லை.
- வத்தலக்குண்டு வாசகர்

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். எஞ்சின் சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு அது. அதைக் கழற்றினால் வண்டி குளுமையாக ஓடும் என்பது நம் ஊரில் வேர்விட்டுப்போன நம்பிக்கை. தெர்மோஸ்டாட் முழுக்கத் திறக்கும்போது, ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றும் பைபாஸ் வழியை அது அடைக்கும் அமைப்பு பல எஞ்சின்களில் உண்டு. கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே இருக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே எஞ்சினுக்குத் திரும்பும். மலையில் இன்னும் சூடு ஏறும். சமவெளியிலோ எஞ்சின் சரியான சூட்டுக்கே வராமல் டீசலைக் குடிக்கும். புதியது 800 முதல் 1,500 ரூபாய்தான்.

உங்கள் கடிதத்திலேயே காரணத்துக்குத் துப்பு இருக்கிறது. சமவெளியில் 70, 80 வேகத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. மலையில் வேகம் 25, எஞ்சினுக்குச் சுமை அதிகம். காற்றை இழுக்கும் பொறுப்பு முழுக்க ஃபேனுக்கு. ஆகவே முதல் சந்தேகம் விஸ்கஸ் ஃபேன். அதற்குள்ளே சிலிகான் எண்ணெய் இருக்கிறது. சூடு ஏறும்போது அது ஃபேனை இறுகப் பிடித்து வேகமாகச் சுழல வைக்கும். எண்ணெய் கசிந்துவிட்டால் ஃபேன் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். எஞ்சின் நன்றாகச் சூடானதும் நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஃபேனைக் கையால் சுழற்றிப் பாருங்கள். பிடிமானமாக நின்றால் நல்லது. மூன்று நான்கு சுற்று தாராளமாகச் சுற்றினால் மாற்ற வேண்டும். 5,000 முதல் 8,000 ஆகும்.

ஃபேன் நன்றாக இருந்தால் ரேடியேட்டர். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் டார்ச் அடித்துப் பாருங்கள். வைக்கோல் தூசி, பூச்சி, இலவம்பஞ்சு என்று மெத்தை மாதிரி அடைத்திருக்கும். முன்னால் இருந்து தண்ணீர் அடித்தால் அது இன்னும் உள்ளே போகும். கண்டென்சரைத் தளர்த்தி நகர்த்தி, எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவான பிரஷரில் அடிக்க வேண்டும்.

உள் அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் போர்வெல் தண்ணீர். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் பாத்திரத்தில் என்ன செய்கிறதோ, அதையேதான் ரேடியேட்டர் குழாயிலும் செய்கிறது. 1,000 முதல் 1,500 ரூபாய்க்குக் கிடைக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால், சூடான ரேடியேட்டரின் முகத்தை மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக அளந்து பாருங்கள். சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் ஓரிடம் மட்டும் சட்டென்று குளிர்ந்திருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் டேங்கைக் கழற்றி கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்யலாம். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தது என்றால் புதியதுதான், 7,000 முதல் 10,000. போட்ட பிறகு கூலண்ட் கான்சன்ட்ரேட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. குழாய்த் தண்ணீர் ஒரு டம்ளர்கூட வேண்டாம்.

யாரும் கவனிக்காத பொருள் ரேடியேட்டர் மூடி. அது பிடிக்கும் பிரஷரால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 வரை தாங்குகிறது. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் ரப்பர் காய்ந்துபோன வண்டிக்கு மலையில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். 300, 400 ரூபாய் விஷயம், யோசிக்காமல் மாற்றுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சூடானால், எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அறிகுறி: காலையில் ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே, சூடு ஏறும் முன்பே, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகும், ரிசர்வாயரில் குமிழி விடாமல் வரும். நீல நிறத் திரவம் வைத்துச் செய்யும் கேஸ் டெஸ்ட் ஒன்று உண்டு. எரிந்த கேஸ் கலந்திருந்தால் திரவம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். உறுதியானால் ஹெட்டைக் கழற்றி, விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் செய்து, லேத் பட்டறையில் அடிப்பரப்பைச் சமமாக்கி (ஃபேஸிங்), புது கேஸ்கட்டும் புது போல்ட்டும் போட 16,000 முதல் 25,000. பிரஷர் டெஸ்ட்டைத் தவிர்த்து 1,000 ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அதுவரை மலை ஏற வேண்டியிருந்தால், மூன்றாவது கியரில் முக்க விடாமல் இரண்டாவதில் 2,200, 2,500 ஆர்.பி.எம்.மில் ஏறுங்கள். வாட்டர் பம்ப்பும் ஃபேனும் எஞ்சின் வேகத்தில்தான் ஓடுகின்றன. ஊசி ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுக்கத் திறந்து, ஓரமாக நிறுத்தி, ஐடிலில் விடுங்கள். கூலண்ட் முழுக்க வெளியேறிவிட்டது என்றால் மட்டும் உடனே அணையுங்கள். மூடியில் கை வைக்கக் கூடாது.

எக்ஸ்யூவி 500, 2013 மாடல். திடீரென்று பிக்கப் இல்லை, மிதித்தால் கறும்புகை. டர்போ போய்விட்டது, 38,000 ஆகும் என்கிறார்கள்.
- மேலூர் வாசகர்

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ போயிருக்கலாம். ஆனால் "திடீரென்று" என்று எழுதியிருக்கிறீர்கள். டர்போவைவிட அது ஹோஸின் குணம். டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்கள் பத்து வருடத்தில் எண்ணெய் ஊறி, அடிப்பக்கத்தில் பிளந்துகொள்ளும். அளந்து உள்ளே வந்த காற்று வழியில் தப்பிவிடுவதால் டீசல் அதிகமாகி, கறும்புகை. ஒரு ஆளை ஐடிலில் ஆக்சிலரேட்டரைத் தட்டச் சொல்லி, ஹோஸைக் கையால் தடவினால் காற்று அடிக்கும் இடம் தெரியும். ஹோஸ் 1,500 முதல் 3,500.

அடுத்து, எஞ்சின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்ணைக் காட்டும் ஸ்கேனர். பி 0299 வந்தால் பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், குறைவு. டர்போ கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. ஹோஸ், டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டர், அதற்கு வரும் குச்சி மாதிரியான வேக்குவம் ட்யூப், சோலினாய்டு வால்வு எல்லாமே இதே எண்ணைக் கொடுக்கும். பி 0087 வந்தால் டீசல் ரெயில் பிரஷர் குறைவு. முதலில் 1,000 ரூபாய் டீசல் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். பி 0401 என்றால், புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வில் கரி அடைப்பு; கழற்றிச் சுத்தம் செய்ய 1,500 முதல் 2,500.

கடைசியாக டர்போவின் காற்று வாங்கும் ஹோஸைக் கழற்றி, ஷாஃப்ட்டை விரலால் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கும், தவறில்லை. முன்னும் பின்னும் அசைந்தாலோ, இறக்கை சுவரில் உரசிய தடம் இருந்தாலோதான் டர்போ போனது. அப்போதும் முழு டர்போ வேண்டாம். உள் கார்ட்ரிட்ஜ் மட்டும் மாற்றி, பேலன்ஸிங் செய்து தருகிறார்கள், 10,000 முதல் 16,000. போடும்போது ஆயில் வரும் குழாயையும் மாற்றுங்கள். பழைய குழாயில் இருக்கும் கரிதான் புது டர்போவையும் கொல்லும்.

பொலேரோவில் பிரேக் பெடல் சில நேரம் கல்லாக நிற்கிறது. பேட் புதிது.
- திருமங்கலம் வாசகர்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். பெடலை மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பிரேக் பூஸ்டருக்கு, டீசல் எஞ்சினில் வேக்குவம் கொடுக்கத் தனி பம்ப் வேண்டும். பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கிறது; உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு ஐந்தாறு தடவை பெடலை மிதியுங்கள். பெடல் இறுகியதும் காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் ஒரு அங்குலம் போலத் தானாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டர் ஹோஸில் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஐடிலில் 20 அங்குலப் பாதரசத்துக்குக் குறைவு என்றால் பம்ப் அல்லது ஹோஸ். ஹோஸிலும் அதிலுள்ள ஒருவழி வால்விலும் கசிவு இல்லையென்றால் பம்ப் இறக்கை தேய்ந்திருக்கிறது. 2,500 முதல் 4,500 ஆகும்.

இன்னொன்று: இந்த பம்ப்புக்கு எஞ்சின் ஆயில் போகிறது. சீல் போனால் ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் இறங்கி, சார்ஜ் நிற்கும். பேட்டரி லைட்டும் பெடல் இறுக்கமும் சேர்ந்து வந்தால் இரண்டுக்கும் ஒரே காரணம்தான்.

80-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் உதறுகிறது, 100-ல் நின்றுவிடுகிறது.
- விருதுநகர் வாசகர்

வீல் பேலன்ஸிங், 600 முதல் 800 ரூபாய். பேலன்ஸ் செய்யும்போது டயர் வீக்கமும் ரிம் கோணலும் தெரிந்துவிடும். ஸ்டீயரிங்கில் இல்லாமல் சீட்டில் உதறினால் பின் டயர் அல்லது புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயின்ட். பிரேக் பிடித்தால் மட்டும் உதறினால் டிஸ்க் கோணல்.

இன்ஜெக்டர் நான்கும் மாற்ற வேண்டுமாம். ரீகண்டிஷன் போடலாமா?
- தேனி வாசகர்

நான்குமா என்று முதலில் கேளுங்கள். ரிட்டர்ன் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயிலும் நான்கு சின்ன பாட்டிலை மாட்டி, ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட வேண்டும். ஒன்றில் மட்டும் மற்றவற்றைப்போல இரண்டு மூன்று மடங்கு டீசல் சேர்ந்தால் அதுதான் கெட்டது. புதிய காமன் ரெயில் இன்ஜெக்டர் ஒன்று 14,000 முதல் 20,000. ரீகண்டிஷன் 5,000 முதல் 7,000. ரீகண்டிஷனில் தவறில்லை, ஆனால் டெஸ்ட் பெஞ்ச் ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள். மாற்றிய பிறகு, இன்ஜெக்டர் தலையில் பொறித்திருக்கும் கோட் எண்ணை ஸ்கேனர் மூலம் எஞ்சின் கம்ப்யூட்டரில் (இசியூ) ஏற்ற வேண்டும். பல ஒர்க்‌ஷாப்பில் இதை விட்டுவிடுகிறார்கள்; பிறகு ஐடில் தடுமாறுகிறது என்று வண்டி திரும்பி வருகிறது.

இன்ஜெக்டர் கெடப் பெரிய காரணம் டீசலில் தண்ணீர். ஃபில்டர் அடியில் இருக்கும் திருகை மாதம் ஒருமுறை தளர்த்தி வடித்துவிடுங்கள்.

2014 டஸ்டர் டீசல். 90,000 கி.மீ. டைமிங் பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லை.
- திண்டுக்கல் வாசகர்

மாற்றுங்கள். அந்த 1.5 எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் ரப்பருக்கு வயதாகிவிட்டது. பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்தே போடுங்கள், 10,000 முதல் 14,000. அந்தப் பழைய டஸ்டரின் உற்பத்தி 2022-ல் நின்றுவிட்டாலும் எஞ்சின் பார்ட் பற்றிய கவலை வேண்டாம். நிசான் டெரானோ, சன்னி டீசலிலும் இதே எஞ்சின்தான்.

ஓடும்போது ஏசி ஜில்லென்று இருக்கிறது. பெரியார் பஸ் ஸ்டாண்டு சிக்னலில் நின்றால் வெக்கைக் காற்று. கேஸ் போட வேண்டுமா?
- மதுரை வாசகர்

வேண்டாம். கேஸ் குறைந்திருந்தால் ஓடும்போதும் குளிர்ச்சி குறையும். கண்டென்சருக்குக் காற்று போகவில்லை. ஃபேன், ஃப்யூஸ், ரிலே, கண்டென்சர் அழுக்கு, இந்த வரிசையில் பாருங்கள்.

ஜல்லிக்கட்டு சமயத்தில் கிராமத்துப் பக்கம் போகும்போது மாடு குறுக்கே வருகிறது. முன்னால் கனமான இரும்பு பம்பர் போடலாமா?
- அலங்காநல்லூர் வாசகர்

கூடாது. மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே புல் பார், கிராஷ் கார்டு என்னும் இந்த முன்பக்கக் கம்பிகள் எதையும் அனுமதிக்க வேண்டாம் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. சட்டத்தை விடுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் மோதலின் வேகம் சென்சாருக்குப் போகும் விதத்தையே அந்தக் கம்பி மாற்றிவிடும். சாதாரணமாக பம்பர் நொறுங்கி வாங்கிக்கொள்ளும் அடி நேராக சேஸிஸுக்கு இறங்கும். ரேடியேட்டருக்கு வரும் காற்றையும் தடுக்கும். ஏற்கெனவே மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு, துளை போட்ட இடத்தில் துருப்பிடிக்காமல் பிரைமர் அடியுங்கள். அதே காசில் ஹெட்லைட்டின் மங்கிய கண்ணாடியைப் பாலிஷ் செய்து, பல்பை மாற்றி, உயரத்தைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். மாடு முன்கூட்டியே தெரியும்.